தில்லியும் தோக்கியோவும்: தொலைவு ஒன்று, பயண நேரம் இரண்டு

உலக உருண்டையின்மீது தில்லிக்கும் தோக்கியோவுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அது திபெத்தியப் பீடபூமியின் வழியாகச் செல்வதைக் காணலாம். இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வழி இதுவே. இதன் நீளம் ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர். ஆயினும் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இவ்வழியைத் தவிர்க்கின்றன. பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிடின், சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைந்து இறங்கவேண்டும். பீடபூமியின் சராசரி உயரமோ 4,000 மீட்டருக்கும் மிகுதி.

கால அட்டவணையை நோக்குவோர்க்கு வேறொரு வியப்பும் உண்டு. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையையும், ஜப்பானிய நேரம் 135 பாகைத் தீர்க்கரேகையையும் ஒட்டியவை. மணிக்கு 15 பாகை வீதம் இவ்வேறுபாடு 3½ மணியாகும். இதனைக் கழித்துக் கணக்கிட்டாலும், தோக்கியோவிலிருந்து திரும்பும் பயணமே நீண்டதாக உள்ளது. இதன் காரணம் யாது?

விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் எனும் விரைவான காற்று வீசுகிறது. தெற்கின் வெப்பக் காற்றுக்கும் வடக்கின் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள வேறுபாடும், புவியின் சுழற்சியுமே இதனைத் தோற்றுவிக்கின்றன. குளிர்காலத்தில் இது இமயத்துக்குத் தெற்கே, வட இந்தியாவின்மேல் அமைகிறது; ஜப்பானின்மேல் மிக்க வலிமை பெறுகிறது.

இவ்வுண்மையை முதலில் அளந்தறிந்தவர் வசபுரோ ஓயிஷி எனும் ஜப்பானிய வானிலை அறிஞர். தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள ததேனோவில், 1920-களில் அவர் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, தியோடலைட்டின் வழியே அவற்றின் போக்கைக் குறித்தார். 1926-இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியான அவரது அறிக்கையைப் பிற நாட்டார் பெரிதும் கவனிக்கவில்லை. 1944-இல் தோக்கியோவின்மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள், அக்காற்றின் கடுமையை நேரில் அறிந்தனர்.

இனி, மாணவர்க்கு ஏற்ற ஒரு கணக்கு. தொலைவு 6,000 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர். காற்றின் வேகம் 100 கிலோமீட்டர் எனக் கொள்வோம். காற்று துணைசெய்யும்போது பயணம் 6 மணி 19 நிமிடம். எதிர்க்கும்போது 8 மணி. காற்றே இல்லையெனில் ஒரு வழிக்கு 7 மணி 4 நிமிடம் ஆகும். ஆகவே, போகும்போது மிஞ்சுவது 45 நிமிடம். திரும்பும்போது இழப்பது 56 நிமிடம். வரவு செலவை ஈடு செய்வதில்லை.

அந்த இழப்பிற்கும் போதிய எரிபொருளைப் புறப்படுமுன்பே ஏற்றியாக வேண்டும். குறைத்து ஏற்றினால் ஆபத்து. மிகுத்து ஏற்றினால் வீண் சுமை. ஆதலின் மேற்காற்றின் அளவு பிழையின்றிக் கிடைத்தல் இன்றியமையாதது. செயற்கைக்கோள்கள் வந்த பின்னரும், உலகின் பல நிலையங்களிலிருந்து, இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 மணியை ஒட்டி, பலூன்கள் நாள்தோறும் மேலெழுகின்றன. அவற்றைப் பறக்கவிட்டுக் குறிப்பெடுக்கும் பணியாளரின் உழைப்பு, விமானி வகுக்கும் பயணக் கணக்கில் ஓர் எண்ணாக இடம்பெறுகிறது.