கடையில் செயற்கை நுண்ணறிவு: எந்தப் படியில் நிற்கிறோம்?

2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு மென்பொருள் கம்பனியிலிருந்து இளைஞர் ஒருவர் புறக்கோட்டையில் உள்ள எனது புடவைக் கடைக்கு வந்தார். கையில் ஒரு கேள்விப் பத்திரம். "ஹாஜியார், செயற்கை நுண்ணறிவில் உங்கள் வியாபாரம் எந்தப் படியில் நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

பில் கணினியில் போடுகிறீர்களா? வட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குத் தானாகவே பதில் போகிறதா? விளம்பரப் படமும் வாசகமும் கணினியைக் கொண்டு செய்கிறீர்களா? எவ்வளவு சரக்கு எடுப்பது என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறதா? இவைதான் கேள்விகள். நான்குக்கும் ஆம் என்றேன். ஐந்து படிகளில் நான் மூன்றாம் படியில் நிற்பதாக அவர் சொன்னார். நான்காம் படிக்கு ஏறுவதற்கான செலவையும் ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

அவர் போன பின்னர் மேல்மாடிக் களஞ்சியத்துக்கு ஏறிப் பார்த்தேன். பெருநாளைக்கு விற்காமல் தங்கிய சிறுவர் உடுப்புகளும் அபாயாக்களும் கூரை மட்டும் அடுக்கிக் கிடந்தன. அவ்வளவும் அந்த மென்பொருள் சொன்ன கணக்குப்படி, அது சொன்ன திகதிக்கு நான் எடுத்த சரக்கு. மூன்றாம் படியில் நிற்கும் கடையில் இது எப்படி நடந்தது?

இப்படிப்பட்ட மென்பொருள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. பழைய விற்பனையைப் பார்த்து, எந்த மாதத்தில் எது எவ்வளவு போனது என்று கண்டுபிடித்து, அடுத்த ஆண்டும் அதேபோல் போகும் என்று கணிக்கிறது. 2023இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22இல் வந்தது. 2024இல் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர் வந்தது. இரண்டு கொண்டாட்டமும் ஒரே மாதத்தில் வந்ததால் இரண்டு வருடமும் ஏப்ரலில் விற்பனை மலை போல் உயர்ந்தது. ஏப்ரல் என்றால் நல்ல வியாபாரம் என்று இயந்திரம் படித்துக்கொண்டது. பிறைக் கணக்கில் வரும் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2025இல் பெருநாள் மார்ச் 31. சரக்கு வந்து இறங்கும்போது பெருநாள் கூட்டத்தில் பாதி போய்விட்டது. புத்தாண்டுக்கு வந்தவர்கள் அபாயா கேட்கவில்லை.

அதற்கு முந்திய வருடங்களையும் சேர்த்துப் படித்திருந்தால் சரியாகச் சொல்லியிருக்குமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல், அதைத் தொடர்ந்து நம்மவர் கடைகள் தாக்கப்பட்ட மே மாதம். 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு பெருநாள் மட்டும் நீண்டது. 2021 பெருநாளுக்குப் பயணக் கட்டுப்பாடு. 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும். நான்கு வருடத்தில் ஒரு பெருநாள் வியாபாரமாவது வழமைபோல் நடக்கவில்லை. இதையெல்லாம் அனுபவித்த நமக்குக் காரணம் தெரியும். கணினிக்குத் தெரிந்தது வெறும் இலக்கம்.

இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் சுமார் 360. நான் மென்பொருளுக்குக் கொடுத்திருந்தது ரூபாக் கணக்கு. விலை ஏறியதால் ரூபாவில் விற்பனை வளர்வதுபோல் தெரிந்தது. உருப்படிக் கணக்கில் பார்த்தால் குறைந்திருந்தது. ஆளே இல்லாத கடையைப் பார்த்து வியாபாரம் வளர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். பிழை அதனுடையதல்ல, என்னுடையது.

எங்கள் கடையில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்யும் நானா ஒருவர் இருக்கிறார். ஜனவரியிலேயே அவர் சொன்னார்: "முதலாளி, இந்த முறை பெருநாள் மார்ச்சிலயே வருது. சாமான் பெப்ரவரிக்குள்ள இறங்கோணும்." நான் கணினித் திரையைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். களஞ்சியத்தில் தங்கிய சரக்கின் நட்டத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இனி அந்த ஐந்து படிகளைப் பற்றி. இது இன்று நேற்று வந்த அளவுகோல் அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பனிகளின் தரத்தை மதிப்பிட விரும்பியது. அதற்காக 1980களின் பிற்பகுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் இதை உருவாக்கத் தொடங்கியது. இன்று செயற்கை நுண்ணறிவுக்குச் சொல்லப்படும் படிகள் பெரும்பாலும் அதே பாணியில் அமைந்தவைதான். ஆனால் அந்த மூல அளவுகோல் என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. வேலை ஒரு தனி மனிதரின் திறமையில் தொங்குகிறதா, இன்னொருவர் வந்தாலும் அதேபோல் நடக்குமா, நடப்பதை அளந்து பார்க்கிறீர்களா என்றுதான் கேட்டது. எல்லாம் தனி மனிதரின் திறமையில் தொங்கினால் அது முதலாம் படி.

அந்தக் கணக்கில் என் கடை எங்கே நிற்கிறது? பெருநாள் எப்போது வரும், எந்த ஊர் வியாபாரி எப்போது வருவார் என்பதெல்லாம் நானாவின் தலைக்குள் இருக்கிறது. ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ஆகவே முதலாம் படி. மென்பொருளுக்கு மாதாமாதம் காசு கட்டுவதால் படி ஏறிவிடாது.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸிலோ கம்பனி, கணினி மதிப்பீட்டை நம்பி வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் 2018இல் இறங்கியது. விற்கக்கூடிய விலையைவிடக் கூட்டி வாங்கி நட்டப்பட்டு, 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. ஊழியரில் சுமார் கால் பங்கினர் வேலை இழந்தார்கள். இளைஞரின் கேள்விப் பத்திரத்தைக் கொடுத்திருந்தால் ஐந்தாம் படி கிடைத்திருக்கும்.

வட்ஸ்அப்பில் தானாகப் பதில் போக விட்டிருப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். எயார் கனடாவின் இணையத்தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இயந்திரம், மரண வீட்டுக்குப் போகும் பயணி ஒருவரிடம் கட்டணச் சலுகையைப் பின்னரும் கோரலாம் என்று பிழையாகச் சொல்லிவிட்டது. அதன் சொல்லுக்குத் தாம் பொறுப்பல்ல என்று கம்பனி வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அது கனடாச் சட்டம்தான். ஆனால் நம் கடை இயந்திரம் "மீற்றர் 450 ரூபா" என்று சொல்லிவிட்டால், கல்முனையிலிருந்து பஸ் ஏறி வந்த வியாபாரியிடம் என்ன சொல்லப் போகிறோம்? நானும் மருமகனும் எங்கள் வட்ஸ்அப்பைச் சோதித்துப் பார்த்தோம். தீர்ந்துபோன சரக்குக்கு அது இரண்டு வாரமாக விலை சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சரக்கெடுப்புக்கும் முன்னர் இயந்திரம் சொன்ன எண்ணிக்கை, நானா சொன்ன எண்ணிக்கை, கடைசியில் உண்மையாக விற்றது, இந்த மூன்றையும் மருமகன் எழுதுகிறான். ரூபாவில் அல்ல, உருப்படியில். விலகிப் போனால் ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி. இதற்குக் கொப்பி வாங்கிய காசைத் தவிர வேறு செலவில்லை.

கொப்பி சொல்வது எனக்கே ஆச்சரியம். சாரம், துவாய், பெட்சீட் போன்ற வருடம் முழுக்க ஒரே சீராக விற்கும் சாமான்களில் இயந்திரம் நானாவை வென்றுவிட்டது. அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டியே எடுப்பவர். பெருநாள் உடுப்பிலும் புது மோஸ்தரிலும் இயந்திரம் நானாவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே சாரத்தையும் துவாயையும் அதனிடம் விட்டுவிட்டோம். பெருநாள் சரக்கு நானா சொல்லும் கணக்கில்தான் வருகிறது. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டுக் கேட்டு மருமகன் எழுதுகிறான். நானாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வருத்தத்தோடுதான் மாடி ஏறுகிறார்.

அந்த இளைஞர் நான்காம் படியைப் பற்றி விசாரிக்கத் திரும்பவும் அழைத்தார். பிறைக் கணக்குப்படி பெருநாள் திகதிகளை உங்கள் மென்பொருளில் பதியலாமா என்று கேட்டேன். அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.