கையடக்க இணையம் – 9: எந்த உலாவியை வைத்துக்கொள்வது?

தமிழ் எழுத்துருவே இல்லாத சிறு தொலைபேசிகளில் நம்மவர்கள் எவ்வாறு தமிழ் படித்தார்கள் என்ற விஷயத்தைச் சென்ற வாரம் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதற்கு விடை ஓர் உலாவியில் இருக்கிறது. உலாவியைத் தெரிவு செய்வோர் வேகத்தை மாத்திரம் பார்த்தால் போதாது என்பதற்கும் அதுவே சாட்சி.

நோர்வே தேசத்து ஒபேரா நிறுவனம் 2006 ஜனவரியில் உலகமெங்கும் வெளியிட்ட ஒபேரா மினி, நாம் கேட்கும் பக்கத்தை நேரே நம் கைக்குக் கொண்டுவராமல், முதலில் தன் சேவையகத்தில் இறக்கி, படங்களைச் சிறிதாக்கி, முழுவதையும் சுருக்கிக் கட்டி அனுப்பிவைக்கும். ஆகவே ஐம்பது ரூபாய் ரீலோட்டை நாட்கணக்கில் நீட்டவேண்டியிருந்தவனுக்கும், நோக்கியா பொத்தான் தொலைபேசியைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுக்கும் அது பெரும் சகாயமாயிற்று.

ஆயினும் தமிழனுக்கு அதன் விசேஷம் சிக்கனத்தில் இல்லை. அக்காலத்துத் தொலைபேசி பலவற்றில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்களே வரிசையாக நிற்கும். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாத யந்திரமாயின், ‘செய்தி’ என்ற சொல்லின் கொம்பு சகரத்தைத் தாண்டிச் சென்று யகரத்துக்கு முன்னால் நின்று வாசிப்பவனைத் திகைக்கவைக்கும். ஒபேரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டால், சேவையகமே சொற்களைச் சரியாகக் கோத்துப் படமாக வரைந்து அனுப்பிவிடும். பக்கத்தின் பருமன் சற்று ஏறும், எழுத்தும் அவ்வளவு அழகாயிராது, ஆனால் படிக்கலாம். 1990இல் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்து, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிலே வருஷக்கணக்காகக் காலங்கழித்த வலிகாமம் வடக்கு மக்களைப் போன்றோருக்கு, தம் ஊர்க் காணி எப்போது விடுபடும் என்ற செய்தியைத் தமிழில் படிக்க முடிவதைவிட ஓர் உலாவியிடம் வேறென்ன வேண்டும்?

இனி மறுபக்கம். நம் கடிதத்தை உடைத்துப் படித்துச் சுருக்கித் தருகிற தபால்காரர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும், அதில் உள்ளதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? நடுவில் சேவையகம் நின்று பக்கத்தைச் சுருக்கும் முறையில், வங்கிக்கும் நமக்கும் இடையிலான இரகசியக் குறியீடு அங்கே ஒருமுறை அவிழ்க்கப்பட்டே தீரவேண்டும். இதை ஒபேரா நிறுவனம் மறைத்ததில்லை, பயனாளர்தாம் கவனித்ததில்லை. நம்மிடையே பெரிதும் பரவிய யூசி உலாவியின் கதை இதனினும் மோசம்: இருப்பிடம், தேடிய சொற்கள் முதலிய விவரங்களை அது போதிய பாதுகாப்பின்றி அனுப்பிவந்ததை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் 2015இல் வெளிப்படுத்தியது. 2020 ஜூன் 29ஆம் திகதி இந்திய அரசாங்கம் தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. சுருக்கித் தரும் வசதியைக் கூகுளின் குரோமும் சிலகாலம் வைத்திருந்து, 2022இல் கைவிட்டுவிட்டது.

உலாவிகளின் வேகத்தை நொடியின் பின்னங்களில் அளந்து பிரசுரிப்பவர்கள் இருக்கிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் செல்ல விரும்பும் பிரயாணிக்கு அந்தக் கணக்கு அதிகம் உதவாது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி ஆரம்பமாகி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய அந்தக் கப்பல் சேவைக்கு இணையவழியே ஆசனம் பதிகிறவர், தம் கடவுச்சீட்டு இலக்கத்தையும் அட்டை இலக்கத்தையும் எந்த உலாவியில் தட்டுகிறார் என்பதே முக்கியம்.

ஆகையால் என் அபிப்பிராயம், கைத்தொலைபேசியில் ஒன்றல்ல, இரண்டு உலாவிகள் வேண்டும் என்பதே. பத்திரிகை படிக்க ஒபேரா மினி இருக்கட்டும். பணமும் கடவுச்சொல்லும் சம்பந்தப்பட்ட காரியங்களுக்குக் குரோமோ பயர்பொக்ஸோ இருக்கட்டும். அண்ட்ரொய்ட் தொலைபேசி வைத்திருப்போருக்குப் பயர்பொக்ஸையே முதலில் சிபாரிசு செய்வேன். விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரலை அதில் சேர்த்துக்கொள்ளலாம், அதனாலேயே டேட்டாவும் மிஞ்சும். யூசி இன்னும் இருந்தால், இன்றே நீக்கிவிடுங்கள்.

(தொடரும்)