வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

இதய வால்வு மாற்றி வீடு திரும்பியவருக்கு இரண்டாம் மாதத்தில் சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. வீட்டில் என்ன செய்வோம்? தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்போம். காய்ச்சல் விடும். மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வரும். பொருத்திய வால்வில் கிருமி ஒட்டியிருந்தால் அந்த மாத்திரை அதை ஒழிக்காது. ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் ரத்தக் கல்ச்சரில் சிக்காதபடி அமுக்கி மட்டும் வைக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் டாக்டர்கள் அனுமானத்தில் மருந்து கொடுக்க வேண்டிவரும். அதனால் வால்வு வைத்தவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், மாத்திரைக்கு முன்னால் ரத்தக் கல்ச்சர். அதையும் ஒரே தடவை எடுத்து நிறுத்தாமல், வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை எடுப்பதே வழிகாட்டு நெறி. “எனக்கு வால்வு வைத்திருக்கிறது” என்பதைப் பல் டாக்டர் உட்பட எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டும்.

பைபாஸ் செய்தவருக்கு ஆபத்து நெஞ்செலும்பில் இருக்கிறது. நடுவில் அறுத்த எலும்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டித்தான் தோலைத் தைக்கிறார்கள். அந்த ஆழத்தில் தொற்று ஏற்படுவது நூறு பேரில் ஓரிருவருக்குத்தான். ஆனால் ஏற்பட்டால், நெஞ்சை மறுபடி திறந்து கழுவி, வாரக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கும், உயிரும் போகலாம். சர்க்கரை நோயாளிகள், பருமனானவர்கள், புகைபிடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தையலோரம் சிவந்து சூடாக இருப்பது, நீரோ சீழோ கசிவது, இருமும்போது நெஞ்செலும்பு ‘கடக்’கென்று அசைவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தையும் தினமும் பாருங்கள். மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

தொற்றோடு திரும்பிப் போனால், “நீங்கள் வீட்டில் சுத்தமாக வைத்திருக்கவில்லை” என்று சொல்லி அனுப்பும் மருத்துவமனைகளும் உண்டு. உடனே நம்பித் தலைகுனிய வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு 90 நாள் வரை நெஞ்சின் ஆழத்தில் வரும் தொற்றை அறுவைத் தொற்றாகவே பதிவு செய்வது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பு முறை.

தொற்று தெரிவது அந்த 90 நாளையும் தாண்டித் தள்ளிப்போவதும் உண்டு. ஆபரேஷனின்போது ரத்தத்தின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வகைக் கருவியின் தொட்டியில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் கிமேரா என்ற கிருமி, நுண்திவலையாகக் காற்றில் ஏறி, திறந்த நெஞ்சுக்குள் விழுந்தது. முதலில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கண்டுபிடித்தார்கள். 2016 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுவதும் எச்சரித்தது. நோயாளிகள் பலருக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் இரவு வியர்வையும் எடை இழப்பும் தெரிந்தன. சாதாரணக் கல்ச்சரில் இது தெரியாது. காசநோய்க் கிருமிக்குச் செய்வதுபோல் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டும். இதய ஆபரேஷன் காகிதங்களை ஆயுளுக்கும் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இனி சட்டம். தொற்று வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் அதை அலட்சியம் என்று சொல்லாது. எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் சிலருக்கு வரத்தான் செய்யும். தடுக்க வேண்டியதைச் செய்தார்களா, வந்ததும் காலத்தோடு கண்டுபிடித்தார்களா என்பதே கேள்வி. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டார்களா? முடியை பிளேடால் மழித்தார்களா, கிளிப்பரால் வெட்டினார்களா? (மழிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2016லேயே வேண்டாம் என்றுவிட்டது.) சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தார்களா? சீழ் கசிந்த அன்று கல்ச்சருக்கு அனுப்பினார்களா, நான்கு நாள் கழித்தா? இவை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது. மயக்க மருந்துக் குறிப்பிலும், நர்ஸ் எழுதும் சார்ட்டிலும், கேஸ் ஷீட்டிலும்தான் இருக்கும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பில் பாக்கி இருக்கிறது என்று மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்ட மனுவும் கைகொடுக்கும்.

பணம் கட்டிய சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அது பணம் கட்டிய சிகிச்சைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. ஆபரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 2004இல் டெல்லி இதய மருத்துவமனை ஒன்றின் வழக்கில், நோயாளி தரப்பு தொடக்க ஆதாரத்தைக் காட்டிவிட்டால், அலட்சியம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாக்டரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தரலாம். ஆனால் அங்கே நஷ்டஈடு கிடைக்காது. யாரிடமும் கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையம்.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. மருத்துவமனை ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய கட்டாயமோ, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுதான். வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, கேஸ் ஷீட் நகலுக்கான கடிதத்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.