மெதுவாகிப் போன ரீவியும் 18,000 ரூபாவும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்மார்ட் ரீவி இப்போது அரிய பொருள் அல்ல. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சகோதரம் விடுமுறைக்கு வந்தால் வாங்கித் தந்துவிட்டுப் போகிறது. சிலர் தவணைக் காசுக்கு எடுக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் ஓடியதும் எல்லா வீட்டிலும் ஒரே முறைப்பாடுதான்: "றிமோட்டை அமத்தினால் அரை நிமிசம் கழிச்சுத்தான் அசையுது."

அதற்குப் பிறகு கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது திருத்துகிறவரை வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டும். பெண் தனித்து நடத்துகிற குடும்பத்தில் இரண்டுமே இலேசான காரியமல்ல. பெட்டியை ஓட்டோவில் ஏற்றி இறக்கக் கூலி வேண்டும். தெரியாத ஓர் ஆள் வீட்டுக்கு வந்துபோனால் அயலில் நாலு கதை வரும். இவ்வளவும் பட்டபிறகு, அவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரிவதில்லை.

என் ரீவியைப் பார்த்த கடைக்காரத் தம்பி, "போர்ட் போச்சு அக்கா, மாத்தினால்தான் சரிவரும்" என்றார். 18,000 ரூபா கேட்டார். நான் தையலில் பிழைப்பவள். சாறிச் சட்டை வெட்டும் புது முறைகளை யூரியூப்பில் பார்த்துப் பழகுவதும், மகன் சாதாரண தரக் கணித பாடம் பார்ப்பதும் அந்தப் பெட்டியில்தான். அந்தக் காசுக்கு நான் எத்தனை இரவு மெசின் மிதிக்க வேண்டும்! பிறகு சொல்கிறேன் என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அன்று பின்னேரம் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற என் பெறாமகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நானே செய்தேன். செலவு றிமோட்டுக்கு இரண்டு பற்றரி மட்டும். அவள் சொல்லித் தந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரீவியைப் போட்டவுடன் வரும் முகப்புப் பக்கமே இழுத்து இழுத்து நகர்ந்தால் குறை பெட்டிக்குள். முகப்பு சுறுசுறுப்பாக ஓடி, படம் போட்டதும் நடுவில் வட்டம் சுற்றினால் குறை இணைய இணைப்பில். இரண்டும் இல்லாமல், இரண்டு மூன்று தரம் அமத்தினால்தான் கேட்கிறது என்றால் றிமோட்டின் பற்றரியைப் பாருங்கள். போன் கமராவுக்கு நேரே றிமோட்டைப் பிடித்து அமத்தினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கமராவில் ஊதாப் புள்ளியாக மின்னும். புள்ளி மங்கலாக இருந்தால் பற்றரி முடிகிறது. (பின்கமராவில் தெரியாவிட்டால் செல்பி கமராவில் பாருங்கள். புளூருத்தில் வேலை செய்யும் றிமோட்டுகளில் இந்தச் சோதனை சரிவராது.)

பெட்டிக்குள் குறை என்றால் செய்யவேண்டிய முதல் வேலைக்கு ஒரு சதமும் வேண்டாம். றிமோட்டில் நிற்பாட்டினால் ரீவி முழுதாக நிற்பதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து எழும்பும் பெட்டி களைத்துத்தான் போகும். சுவரில் சுவிட்சை நிற்பாட்டி, பிளக்கையும் கழற்றி, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். என் ரீவி பாதி சுகமானது இதிலேயே.

மற்றப் பாதியை விளங்கிக்கொள்ளத் தையல் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ரீவிக்குள் வேலை செய்யும் மேசை ஒன்று, பொருள் வைக்கும் அலுமாரி ஒன்று. ஆங்கிலத்தில் ராம் என்றும் ஸ்ரோறேஜ் என்றும் சொல்வார்கள். போனோடு ஒப்பிட்டால் ரீவியில் இரண்டும் மிகச் சிறியவை. விலை குறைந்த பல ரீவிகளில் மேசை 1 அல்லது 1.5 ஜிபி, அலுமாரி 8 ஜிபி. அந்த 8இலும் பெரும்பகுதியை ரீவியின் சொந்தச் சாமான்களே பிடித்துவிடும். மேசையில் வெட்டுத்துணி குவிந்தால் கத்தரிக்கோல் வைக்கவும் இடமிராது அல்லவா? அதே கதைதான். பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டுகள், ஒருநாளும் திறவாத செயலிகள், ஒவ்வொரு செயலியும் பார்த்த படங்களின் மிச்சமாகச் சேர்த்துவைக்கும் குப்பை எல்லாம் அங்கே கிடக்கின்றன.

ஆண்ட்ரொயிட் வகை ரீவியில் செற்றிங்ஸுக்குள் அப்ஸ் என்ற பகுதிக்குப் போனால் செயலிகள் வரிசையாக வரும். வேண்டாததை அன்இன்ஸ்ரோல் செய்யுங்கள். வேண்டியதில் கிளியர் கேஷ் என்பதை அமத்துங்கள், குப்பை மட்டும் போகும். பக்கத்திலேயே கிளியர் டேற்றா என்று இன்னொன்று இருக்கும். அதை அமத்தினால் உங்கள் கணக்கும் வெளியே போய்விடும், மறுபடி கடவுச்சொல் கேட்கும். சாம்சுங், எல்ஜி ரீவிகளில் இந்த இடங்களின் பெயர் வேறு, வேலை ஒன்றுதான். பிறகு சொப்ட்வெயார் அப்டேற் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகக்கூடாது. மழை இடியோடு வரும் நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னால் பக்கத்து வீட்டு அக்கா, "எங்களுக்கு உந்த மெசின் வேலை எல்லாம் சரிவராது" என்கிறார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைப்பொருளாக இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்த அக்காவும் சுற்றியவர்தான்!

இணைப்பில் குறை என்றால் வைபை தரும் றவுற்றர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலுமாரிக்குப் பின்னாலும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயும் வைத்திருக்கிறோம். ரீவிக்கு எதிரே உயரத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். படத்தின் தரத்தையும் குறைக்கலாம். யூரியூப்பில் 1080 தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிற் வேகம் வேண்டும், 480க்கு ஏறத்தாழ 1.1 போதும். கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு முதலாவது 2 ஜிபிக்கு மேல் தின்னும், இரண்டாவது அரை ஜிபி அளவில் நிற்கும். டேற்றாக் காட் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய இலாபம். சட்டை வெட்டுவதைப் பார்க்க 480 தாராளம்.

இவ்வளவு செய்தும் சரிவராவிட்டால் கடைசி வழி பக்ரறி றீசெற். வாங்கிய நாளில் இருந்தபடி பெட்டி வெறுமையாகும். அதற்கு முன் வைபை கடவுச்சொல்லையும் கணக்கின் கடவுச்சொல்லையும் கொப்பியில் எழுதி வையுங்கள். வெளிநாட்டுச் சகோதரம் தன் கணக்கைப் போட்டுத் தந்த ரீவியென்றால், நீங்கள் பார்ப்பதெல்லாம் அங்கே அவர்களின் பட்டியலிலும் விழுந்துகொண்டிருக்கும். மறுபடி போடும்போது உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாமே இப்படிச் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். பழைய ரீவிகளுக்குப் புதிய செயலிகள் வருவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போதும் படம் தெளிவாக இருந்தால் புது ரீவி தேவையில்லை. எச்டிஎம்ஐ துவாரத்தில் செருகும் சின்னக் கருவி ஒன்று வாங்கினால் பழைய திரையில் புதிதாக ஓடும். திரையில் கோடு விழுதல், தானாக அணைந்து அணைந்து எரிதல், எரிந்த மணம் என்பவை வேறு நோய்கள். அப்போது பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே சில இடங்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்குப் போனால் என்ன பழுது, எவ்வளவு முடியும் என்பதைத் திருத்த முன்னரே எழுத்தில் கேளுங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. முறையிட 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். போர்ட் மாற்றினோம் என்று சொன்னால், கழற்றிய பழைய போர்ட்டைத் தரச்சொல்லிக் கையோடு வாங்கி வாருங்கள்.