தொப்புள்கொடி இரத்தம்: பரிசோதனையின் பயனும் சேமிப்பின் வரம்பும்

ஜெர்மனியின் ஹனோவர் நகரில், நாட்டின் ஏனைய இடங்களைப் போலவே, குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கப்படுகிறது. கொடியில் எஞ்சும் இரத்தத்தைக் கட்டணம் பெற்று உறைநிலையில் பாதுகாக்கத் தனியார் நிறுவனங்களும் முன்வருகின்றன. இரண்டும் ஒரே இரத்தத்தைச் சார்ந்தவை. ஆனால் அவற்றின் பயனுக்கான மருத்துவச் சான்றுகள் சமமானவை அல்ல.

சில நிமிடங்களில் விடை

தொப்புள்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. தமனி இரத்தம் குழந்தையின் உடலிலிருந்து வருவதால், பிரசவத்தின்போது குழந்தைக்குப் போதிய பிராணவாயு கிடைத்ததா என்பதை அது காட்டுகிறது. பிராணவாயு குறையும்போது இரத்தத்தின் அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு இறங்குகிறது.

தமனி இரத்தத்தில் இந்த அளவு 7.0க்குக் கீழே செல்வது கடுமையான பாதிப்பின் அறிகுறியாகக் கருதப்படுகிறது. ஆயினும் இந்த எண் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, அசைவு ஆகியனவும் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன.

மூளை பாதிப்புக்கு உள்ளான குழந்தையின் உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை 72 மணிநேரம் குளிர்விக்கும் சிகிச்சை, பிறந்து ஆறு மணிநேரத்திற்குள் தொடங்கப்பட வேண்டும். அந்த முடிவை எடுப்பதற்கு இப்பரிசோதனை உதவுகிறது. ஜெர்மனியில் பெற்றோருக்கு வழங்கப்படும் மஞ்சள் நிறக் குழந்தைநலக் கையேட்டிலும் இந்த பி.எச். அளவு பதியப்படுகிறது.

உறைய வைக்கப்படும் நம்பிக்கை

தொப்புள்கொடி இரத்தத்தில் இரத்த உற்பத்திக்கான குருத்தணுக்கள் உள்ளன. 1988ஆம் ஆண்டு பாரிஸில் மருத்துவர் எலியான் குளுக்மன் தலைமையிலான குழுவினர், பான்கோனி இரத்தசோகையால் பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு இத்தகைய இரத்தத்தை முதன்முறையாகச் செலுத்தினர். அது அச்சிறுவனின் சொந்த இரத்தமன்று. அவனது தங்கையின் தொப்புள்கொடி இரத்தம்.

இந்த வேறுபாடு முக்கியமானது. மரபணுக் குறைபாடு உள்ள குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே குறைபாடு இருக்கும். குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோயிலும், நோய்க்கு வித்திடும் மாற்றங்கள் பிறப்பின்போதே இரத்தத்தில் இருக்கக்கூடும். ஆகவே தனக்கென்று சேமித்த இரத்தம் தனக்கே உதவும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017இல் வெளியிட்ட ஆவணங்களில், எதிர்காலக் காப்பீடாகக் கருதித் தனியாரிடம் சேமிப்பதை ஆதரிக்கவில்லை. குடும்பத்தில் வேறொரு குழந்தைக்கு இத்தகைய சிகிச்சை தேவைப்படும் நிலை விதிவிலக்காகும்.

தமிழர்களின் நிலை

குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையாளி, நோயாளி ஆகிய இருவரின் திசு வகையும் பொருந்தவேண்டும். அது பரம்பரையாக வருவதால், பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே பொருத்தம் கிடைக்கிறது. உலகக் கொடையாளர் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுந்திருப்பதால், தெற்காசிய நோயாளிகளின் தேடல் கடினமாகிறது.

முழுப் பொருத்தம் இல்லாவிடினும் கொடி இரத்தம் பயன்படக்கூடும் என்பதாலேயே பொது வங்கிகள் உருவாயின. ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரில் 1990களில் அத்தகைய வங்கி வளர்ந்தது. பொது வங்கிக்கு வழங்கிய இரத்தம் தேவைப்படும் எவருக்கும் செல்லலாம். தனியார் பெட்டகத்தில் உள்ளது அக்குடும்பத்திற்கு மட்டுமே உரியது. அண்மை ஆண்டுகளில், பாதிப் பொருத்தமுள்ள உறவினரின் குருத்தணுக்களைப் பயன்படுத்தும் முறை பரவியதால், கொடி இரத்தத்தின் தேவையும் குறைந்து வருகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயம், கொடியைத் துண்டிக்கும் நேரமாகும். இரும்புச்சத்துக் குறைபாட்டைத் தவிர்க்க, ஒரு நிமிடத்திற்கு முன் கொடியைக் கவ்வ வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாமதிக்கும்போது சேமிப்பதற்கு எஞ்சும் இரத்தம் குறைகிறது. பரிசோதனைக்கோ சிறிதளவே போதுமானது. சேமிப்பின் அளவைக் கூட்டுவதற்காகக் கொடியை அவசரமாகத் துண்டிப்பது, குழந்தைக்கு உடனே சேர வேண்டிய இரத்தத்தை மறுப்பதாகும்.

தமிழ் நோயாளிகளுக்கான வாய்ப்பைக் கூட்டப் பிரசவ அறைக்கு வெளியேயும் வழி உண்டு. ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ்., சென்னையை மையமாகக் கொண்ட தாத்ரி போன்ற பதிவேடுகளில், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியைக் கொடுத்து வயதுவந்தோர் பதிந்துகொள்ளலாம்.