சான்டா கன்னத்துச் சிவப்புக்கு என்ன விலை?

வாங்க, உள்ளே வாங்க! வந்ததும் அந்த அறைக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். உள்ளே ஏ.சி. ஓடுகிறது, தட்டுத் தட்டாக சான்டா தாத்தாக்கள் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். டிசம்பர் மாதச் சென்னைக் காற்றில் ஈரம் சொட்டும். கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாலும் தாத்தாக்களின் தாடி பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும்!

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் என் வீட்டில் சாப்பாட்டு மேஜையே கிடையாது. அதன் மேல் குக்கீ. ஃப்ரிட்ஜின் மேல் ரிப்பன். கட்டிலுக்கு அடியில் டின் வாளி. இத்தனையும் சேர்ந்துதான் குக்கீ பொக்கே ஆகிறது: ராயல் ஐசிங் போட்டு அலங்கரித்த குக்கீகளைக் குச்சியில் நிறுத்தி, பூங்கொத்து மாதிரி வாளியில் செருகி, ரிப்பன் கட்டிக் கொடுப்பது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1980களிலேயே இது தனிக் கடை வைத்து விற்கும் தொழிலாகிவிட்டது. இன்று சென்னையில் வீட்டிலிருந்தே பேக்கிங் செய்யும் பெண்களின் பண்டிகைப் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. எப்படிச் செய்வது என்று சொல்லித் தர ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. அதற்கு எப்படி விலை போடுகிறோம் என்பதைத்தான் யாரும் காட்டுவதில்லை. நான் காட்டுகிறேன். எனக்கு இதில் கொள்ளை ஆசை!

ஏழு குக்கீ கொண்ட ஒரு கொத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு தேவை என்றால் ஒன்பது சுட வேண்டும். ஒன்று உடையும், ஒன்றில் ஐசிங் வழியும். ஒன்பதுக்கு மாவு ஏறக்குறைய அரை கிலோ: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், கொஞ்சம் வனிலா. நான் வாங்கும் விலையில் எல்லாம் சேர்த்து 103 ரூபாய். அதில் 70 ரூபாய்க்கு மேல் வெண்ணெய் மட்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வெண்ணெய்க்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியபோது நான் கைதட்டியதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்! ஐசிங்குக்கு சர்க்கரை, மெரிங்கு பவுடர், ஜெல் கலர் என்று 52 ரூபாய். ஆக, வாய்க்குள் போகிற பொருள் மொத்தமும் 155 ரூபாய்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. வாய்க்குள் போகாத பொருளுக்கு வாருங்கள். டின் வாளி 90. உள்ளே வைக்கும் ஃபோம் 20. குச்சிகள் 14. ஒவ்வொரு குக்கீக்கும் உறை, ரிப்பன் 30. டிஷ்யூ தாள் 10. லேபிள் 6. வாளி கவிழாமல் இருக்க அடியில் எடைக்குப் போடும் மிட்டாய் 40. கடைசியாக ஒரு அட்டைப்பெட்டி 60. கூட்டிப் பாருங்கள், 270 ரூபாய்! குக்கீயைவிட அதன் உடுப்பு விலை கூடியது. பாரிமுனை மொத்தக் கடைகளில் அலைந்து வாங்கியும் இதுதான் நிலவரம். புதிதாக விலை போடுகிற பெண்கள் பலரும் மைதாவையும் வெண்ணெயையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதையே விலை என்று சொல்லிவிடுகிறார்கள். 155-ஐ இரண்டால் பெருக்கினால் 310. அதில் மாவுக்கும் ஐசிங்குக்கும் 155 போக மிச்சம் 155, வாளிக்கும் ரிப்பனுக்கும் ஆகும் 270-க்கே அது போதாது. குறைகிற 115-ஐயும் ஓவனுக்கும் ஏ.சி.க்கும் ஆகும் கரண்ட் 55-ஐயும் கையை விட்டுத்தான் கட்ட வேண்டும். ராத்திரியெல்லாம் முதுகு வலிக்க உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு பைசா இல்லை. இது எனக்குத் தாங்காது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்காமல் கணக்கை விரித்துக் காட்டுகிறேன்.

பொருள் 155, உடுப்பு 270, கரண்ட் 55: மொத்தம் 480. அடுத்து உழைப்பு. நாலைந்து கொத்துகளைச் சேர்த்துச் செய்தால் ஒரு கொத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். மாவு தேய்ப்பது, வெட்டுவது, கலர் கலக்குவது, பைப்பிங், கட்டுவது, கழுவுவது, வாட்ஸ்அப்பில் “அக்கா, ரிப்பன் பச்சையா சிவப்பா?” என்று பேசி முடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். மணிக்கு 200 ரூபாய் வைத்தால் 500. உடைசலுக்கும் கட்டர், பீட்டர் தேய்மானத்துக்கும் 70. இதுவரை 1,050. தொழில் அடுத்த வருடமும் நடக்க வேண்டும் என்பதற்காக லாபம் 200. விலை 1,250 ரூபாய்.

அப்படியானால் ஏழு குக்கீ கொத்து எல்லாமே 1,250-ஆ? இல்லை! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நான் குக்கீயின் அளவுக்கு விலை போடுவதில்லை, கலரை எண்ணிப் போடுகிறேன். துணி ஒரே துணிதான் என்றாலும் ஆரி வேலை எவ்வளவு என்று பார்த்துத்தானே பிளவுஸுக்குக் கூலி சொல்கிறார்கள்? இங்கேயும் அப்படித்தான். ஒரு கலர் கூடினால் ஒரு பைப்பிங் பேக் கூடும். சில கலரை இரண்டு பதத்தில் கலக்க வேண்டும்: ஓரம் கட்டக் கெட்டியாக, உள்ளே நிரப்பத் தளர்வாக. நிரப்பும் பதம் சரியா என்று பார்க்க, கத்தி நுனியால் ஐசிங்கில் ஒரு கோடு கிழித்துவிட்டு மெதுவாகப் பத்து எண்ணுவேன். அதற்குள் கோடு மறைந்தால் சரி. மறையாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர். சட்டென்று மறைந்துவிட்டால் மறுபடி சர்க்கரை. ஒரு கலர் காய்ந்து மேலே ஏடு கட்டிய பிறகுதான் பக்கத்துக் கலரைத் தொடலாம், அவசரப்பட்டால் சிவப்பு வெள்ளைக்குள் ஓடிவிடும்.

அதனால் ஒரே கலர் குக்கீ 80 ரூபாய், கூடுகிற ஒவ்வொரு கலருக்கும் 20. வெள்ளைப் பனித்திவலை 80. இலையும் சிவப்புப் பழமும் சேர்ந்த ஹாலி 100. பச்சை மரத்தில் சிவப்புக் குண்டும் மஞ்சள் நட்சத்திரமும் இருந்தால் 120. பழுப்பு, கறுப்பு, வெள்ளை, மூக்குக்குச் சிவப்பு என்று கலைமான் 140. சான்டா முகமோ சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, தோல் நிறம், கறுப்புக் கண், கன்னத்துக்கு இளஞ்சிவப்பு என்று 160. கன்னத்துச் சிவப்பு வேண்டாம் என்றால் 140-க்குத் தருவேன். ஆனால் அந்தக் கன்னம் இல்லாத சான்டாவைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருப்பார். இதுவரை யாரும் கன்னத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை!

இனி கொத்தைக் கட்டுவோம். இரண்டு சான்டா, ஒரு கலைமான், ஒரு மரம், ஒரு ஹாலி, இரண்டு பனித்திவலை. கூட்டினால் 840. வாளி முதல் கட்டும் கூலி வரை கொத்துக்கென்று 400. மொத்தம் 1,240. செலவு வழியாகப் போனால் 1,250, கலர் வழியாகப் போனால் 1,240! இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, முதல் ஆர்டர் வந்த நாளில்கூட அவ்வளவு வந்திருக்காது. எல்லாக் குக்கீயும் சான்டாவாக இருக்கக் கூடாது என்பதும் இதில்தான் தெரியும். கண்ணை இழுக்க இரண்டு மூன்று நாயகர்கள் போதும், நடுவே ஒற்றைக் கலர்க் குக்கீகள் நின்றால்தான் அவர்கள் எடுப்பாகத் தெரிவார்கள். அழகுக்கும் அது நல்லது, விலைக்கும் நல்லது.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஜிஞ்சர்பிரெட் மனிதன் கட்டர் இருக்கிறதல்லவா, வெட்டிய குக்கீயைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தூக்கிய இரண்டு கால்கள் கொம்பாகிவிடும், கைகள் காதாகிவிடும், தலை நீண்ட மூக்காகிவிடும். கலைமான் வந்து நிற்கும்! ஒரே கட்டரில் இரண்டு உருவம். தனியாகக் கலைமான் கட்டர் வாங்கினால் காசும் போகும், அதன் மெல்லிய கொம்பும் ஒடியும். ஒடிகிற உருவத்தை விலைப்பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே பெரிய மிச்சம்.

இன்னொன்று, சிவப்பு. அடர் சிவப்பு வர வேண்டுமென்று ஜெல்லைக் கொட்டிக்கொண்டே போனால் காசும் கரையும், ஐசிங்கும் கசக்கும். கொஞ்சம் வெளிறிய சிவப்பாகவே கலக்கி, மூடி, ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் தானாகவே அடர்ந்திருக்கும். கறுப்பும் அப்படித்தான். அதனால் என் வீட்டில் சான்டாவின் தொப்பி முந்தின நாளே ஆரம்பமாகிவிடுகிறது.

பண்டிகை விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களை அந்த ஏ.சி. அறைக்குத்தான் கூட்டிப்போவேன். எங்கள் தொழிலில் நெருக்கடி அடுப்பில் இல்லை. குக்கீ பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். மாவை நவம்பர் கடைசியிலேயே பிசைந்து ஃப்ரீசரில் போட்டுவிடலாம், சுட்ட குக்கீகளையும் ஐசிங் போடாமல் அப்படியே உறைய வைக்கலாம். காய வைக்கிற தட்டுக்குத்தான் பஞ்சம். முழுதாகக் காய ஒரு ராத்திரி வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போதாது. ஏ.சி., அதன் மேல் ஃபேன், மூலையில் ஈரம் உறிஞ்சும் பைகள். காய்வதற்குள் உறை போட்டால் மொத்தமும் உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அறையில் எத்தனை தட்டு கொள்ளுமோ அத்தனைதான் அன்றைய ஆர்டர். டிசம்பர் 22, 23-இல் ஒரு தட்டு இடம் என் வீட்டிலேயே விலை உயர்ந்த இடம்! கடைசி நேரத்தில் வரும் ஆர்டருக்கு நான் கால் பங்கு கூடுதலாக வாங்குவது அந்த இடத்துக்கான வாடகை. பாதிப் பணம் முன்கூட்டியே வந்தால்தான் தட்டில் பெயர் எழுதுவேன்.

முட்டை விஷயம் தனிக் கதை. மெரிங்கு பவுடரில் இருப்பது உலர்த்திய முட்டை வெள்ளை. குக்கீயில் முட்டை சேர்க்காவிட்டாலும் ஐசிங்கில் வந்துவிடும். உணவுச் சட்டப்படி முட்டை சேர்ந்தது அசைவம், லேபிளில் பச்சை வட்டம் போட முடியாது, பழுப்பு முக்கோணம்தான். “எக்லெஸ் வேணும்க்கா” என்று கேட்பவர்களுக்கு நான் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்து ஐசிங் செய்கிறேன். கடலைத் தண்ணீர் முட்டை வெள்ளை மாதிரி நுரைத்து நிற்கும் என்று 2014-இல் கண்டு சொன்னவர் ஜோயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர். அந்த மனிதர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு! தண்ணீருக்குச் செலவே இல்லையே, விலை குறைய வேண்டாமா என்றால், குறையாது, கூடும். அந்த ஐசிங் மெதுவாகக் காய்கிறது, தட்டை இரண்டாம் ராத்திரியும் பிடித்துக்கொள்கிறது. குக்கீக்கு 10 ரூபாய் கூடுதல். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண் எல்லா லேபிளிலும் இருக்கும். அதைக் கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சர்ச் வளாகத்தில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு மேஜை போடும்போது வேறு ராகம். குல்குல்லும் ரோஸ் குக்கீயும் பிளம் கேக்கும் பக்கத்து மேஜைகளில் மணக்கும். அங்கே யாரும் 1,250 ரூபாய் கொத்தைத் தேடி வருவதில்லை. அதனால் அந்தப் பெரிய கொத்தை நடுவில் உயரமாக நிறுத்தி, முன்னால் சின்னதாக வைப்பேன்: தாள் கூம்பில் ஒரு சான்டா, ஒரு மரம், ஒரு பனித்திவலை. குக்கீ 360, கூம்பும் கட்டும் கூலியும் 90, ஆக 450. குழந்தைகளுக்காக ஒற்றைக் குச்சி நட்சத்திரம் 100. பெரியதைப் பார்த்து நின்று, விலை கேட்டு, கூம்பை வாங்கிப் போவார்கள். ஜனவரியில் அவர்களே பிறந்தநாளுக்குப் பெரிய கொத்து கேட்டு மெசேஜ் அனுப்புவார்கள்.

பேரம்? இல்லாமலா! “ஏம்மா, பிஸ்கட் பாக்கெட் பத்து ரூபாய்க்குக் கிடைக்குதே” என்று ஒரு பாட்டி கேட்டால் எனக்குக் கோபமே வராது. அவர் கையில் ஒரு உடைந்த குக்கீயைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்வேன். உடைசலுக்கும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்! விலையை மட்டும் குறைக்க மாட்டேன், வேலையைக் குறைத்துத் தருவேன். “ஆயிரத்துக்குள்ள முடியுமாக்கா?” என்றால், முடியும். இரண்டு சான்டாவுக்குப் பதில் இரண்டு ஒற்றைக் கலர் நட்சத்திரம் வைத்தால் 160 மிச்சம். வாளி, ஃபோம், மிட்டாய் வேண்டாம், கூம்பு போதும் என்றால் இன்னும் 140 மிச்சம். 950-க்கு அழகான கொத்து தயார். அவர்களுக்கும் திருப்தி, என் மணிக் கூலியிலும் கை படவில்லை.

டெலிவரி பற்றி ஒரே வார்த்தை: கார். பைக்கில் அனுப்பினால் தாம்பரம் போவதற்குள் சான்டா தொப்பியும் தாடியும் தனித்தனியாகப் போய்ச் சேருவார். வண்டிக் காசு எவ்வளவோ அதை அப்படியே வாங்குகிறேன், கொத்தின் விலைக்குள் ஒளித்து வைப்பதில்லை. பாதிப் பேர் தாங்களே வந்து, மடியில் வைத்து எடுத்துப் போகிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்தால் தட்டுகள் காலியாகும் என்று நினைக்காதீர்கள், அடுத்து பொங்கல்! பானை மூன்று கலர், 120. சூரியன் இரண்டு கலர், 100. மாட்டுக்குக் கொம்பில் நீலமும் சிவப்பும் பூச வேண்டும், நெற்றிப் பொட்டையும் சேர்த்தால் ஐந்து கலருக்குப் போய்விடும், அவர்தான் இந்தக் கொத்தின் சான்டா. கரும்பு இரண்டே கலர்தான். ஆனால் நீளமாக, ஒல்லியாக இருப்பதால் கணுவில் பட்டென்று ஒடிகிறது. ஒன்று வேண்டுமென்றால் இரண்டு சுட்டால்தான் நிச்சயம். அதனால் கரும்புக்கு மட்டும் 100 இல்லை, 130 என்று இன்று காலை பட்டியலில் எழுதிவிட்டேன். முன்பதிவு ஜனவரி 8 வரை!