வெள்ளீயத்தின் மேல் மிதந்த கண்ணாடி

இந்தக் கண்ணாடிப் பலகத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். அதில் தெரியும் மெல்லிய பச்சை, மணலோடு கலந்து வந்த இரும்பின் நிறம்.

சன்னல் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அது மணலிலிருந்து கிடைக்கிறது. மணலை மட்டும் உருக்க ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா சாம்பல் சேர்த்தால் குறைந்த வெப்பமே போதும். ஆனால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும்! கரையாமல் காப்பது சுண்ணாம்புக்கல். உடைந்த கண்ணாடியும் உலைக்குள் போகும். அது சீக்கிரம் உருகி எரிபொருளை மிச்சப்படுத்தும்.

முன்பெல்லாம் பெரிய பலகங்களை இருபுறமும் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்த உழைப்பையே தேவையற்றதாக்கியவர் இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன். செயின்ட் ஹெலன்ஸ் நகரத் தொழிற்சாலையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை ஓடவிட்டார். ஓராண்டுக்கும் மேலாக விற்கத் தகுதியில்லாத கண்ணாடியே வந்தது. ஆனாலும் முயற்சியை விடவில்லை. 1959இல் இம்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஏன் வெள்ளீயம்? அது கண்ணாடியைவிட அடர்த்தி மிக்கது. 232 டிகிரியில் உருகி, கண்ணாடி இறுகிய பிறகும் திரவமாகவே இருக்கும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மேலே நைட்ரஜனும் சிறிது ஹைட்ரஜனும் நிரப்புகிறார்கள். கண்ணாடி மிதந்தபடியே தானாகச் சமமாகிறது. சுமார் 600 டிகிரிக்கு ஆறியதும் உருளைகள் அதை ஏந்திக்கொள்ளும். அடுத்து ஒரு நீண்ட சூளைக்குள் மெதுவாக ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, வெட்டும்போதே கண்ணாடி சிதறும்.